ஏலத்துக்கு அப்புறம் கூறு: ராமநாதபுரக் கடற்கரைச் சந்தைகள் எப்படி நடக்கின்றன

ராமேஸ்வரம் வருகிறவர்கள் கோயிலில் தீர்த்தமாடி, தனுஷ்கோடி போய்வந்து, கடைத்தெருவில் ஒரு சங்கும் நாலு பாசிமாலையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அந்தக் கடைத்தெரு யாத்திரிகர்களுக்காக உண்டானது. இந்தக் கரையில் வாழ்கிறவர்களின் சந்தை விடியுமுன்பே படகுத்துறையில் கூடிவிடுகிறது. வெயில் ஏறுவதற்குள் பெண்களின் கூடைக்கு மாறுகிறது. விற்காமல் மிஞ்சியது கருவாடாகி, மிளகாயும் கருப்பட்டியும் ஆடும் விற்கிற உள்நாட்டு வாரச்சந்தைக்குப் போய்ச் சேர்கிறது.

இதைப் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறவர்களில் பலர் “துறையே காலியாகக் கிடந்தது”, “விலை கேட்டால் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை” என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள். துறை ஏன் காலி, விலை ஏன் சொல்லவில்லை என்பதற்கெல்லாம் காற்றிலும் சட்டத்திலும் கடனிலும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டு போனால், அரை மணி நேரம் ஓரமாக நின்றாலே போதும், யார் யாரிடம் என்ன வாங்குகிறார்கள் என்பது விளங்கிவிடும்.

இரண்டு கடல்

மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். தமிழகக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பாம்பன் தீவு இதை இரண்டாக வகுக்கிறது. வடக்கே தொண்டி, தேவிபட்டினம் வழியாக மண்டபம் வரைக்கும் பாக் விரிகுடா. தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று மன்னார் வளைகுடா. பாக் விரிகுடா ஆழமில்லாதது, சராசரியாக 10 மீட்டரைத் தாண்டாது. இறாலும் நண்டும் காரலும் பெருகுகிற இடம். மன்னார் வளைகுடா போகப் போக ஆழம். பவளப்பாறைகளும் தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளும் அந்தப் பக்கம். தனுஷ்கோடியில் நின்றால் அலையில்லாத வடபுறத்தைப் பெண்கடல் என்றும், சீறுகிற தென்புறத்தை ஆண்கடல் என்றும் காட்டுவார்கள்.

வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடை எழும்பினால் நிலைமை தலைகீழ். அதனால் எந்தத் துறைக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், எந்த மாதம் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. பாம்பனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஊரின் இரு பக்கமும் கடல் என்பதால், காற்று எப்படி அடித்தாலும் ஏதாவது ஒரு பக்கத்தில் மீன் இறங்கும்.

காற்றுக்கு மேல் சட்டம். 1983-இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுகளுக்கு உரியது. விசைப்படகுகள் அதைத் தாண்டித்தான் வலை விடவேண்டும். பாக் விரிகுடாவில் நாளும் பிரிக்கப்பட்டிருக்கிறது: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்புகின்றன. ஆக, பெரிய துறை நிறைவது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில். இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துவிட்டது என்ற செய்தி வந்தால் வேலைநிறுத்தம் தொடங்கும். அப்போது எந்தக் கிழமையானாலும் துறை வெறிச்சோடிக் கிடக்கும். அப்புறம், ஊருக்கு ஊர் ஓய்வு நாளும் உண்டு. கிறிஸ்தவ மீனவ ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள், முஸ்லிம் மீனவ ஊர்களில் வெள்ளி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். வெளியூர்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு ராமேஸ்வரத்துக்கு வந்து குவிவதும் அதே மாதங்களில்தான். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது என்பதால், இடைப்பட்ட நாட்களில் கேரளப் பக்கத்து மீன் ஐஸ் பெட்டியில் ஏறி இங்கே வருகிறது. கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து உள்ளூர் மீன் என்று நம்பிச் சாப்பிடுகிறவர் தட்டில் இருப்பது அரபிக்கடல் மீனாக இருக்கலாம். உள்ளூர் மீன்தான் வேண்டும் என்றால் அந்த மாதங்களில் நாட்டுப்படகுத் துறைகளைத் தேடிப் போகவேண்டும். அளவு குறைவு, விலை கூடுதல், ஆனால் அன்றைக்குக் கரையேறிய மீன்.

ஏலம் கூறும் இடத்தில்

படகு அணைந்ததும் முதல் வேலை தரம் பிரிப்பது. இறால், கணவாய், நீலக்கால் நண்டு இந்த மூன்றும் பெரும்பாலும் ஏலத்துக்கு வருவதில்லை. ஏற்றுமதிக் கம்பெனிகளின் ஆட்கள் நேராகவே எடுத்துக்கொள்கிறார்கள். இறாலுக்கு விலை, கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்ற ‘கவுண்ட்’ பார்த்து. நண்டை அவித்துச் சதை எடுக்கிற வேலை பெண்களுடையது; அந்தச் சதை டப்பாவில் அடைபட்டு வெளிநாட்டுக்குப் போகிறது. இந்த மூன்றின் விலையையும் வெளிநாட்டுச் சந்தை தீர்மானிப்பதால், துறையில் நிற்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பேரம் பேச இடமில்லை. கம்பெனிகள் விலையைக் குறைத்தால் படகை நிறுத்திப் போராடுவது ஒன்றுதான் மீனவர்களுக்கு உள்ள வழி. அது இங்கே பலமுறை நடந்திருக்கிறது.

ஓரத்தில் பொடிமீன் குவிந்து கிடக்கும். சங்காயம் என்பார்கள். லாரியில் ஏறி மீன்மாவு ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிற சரக்கு. துறைக்குப் போகிறவர்கள் அந்தக் குவியல் பக்கத்தில் ஒரு நிமிடமாவது குனிந்து பார்க்க வேண்டும். விரல் நீளப் பாறைக்குஞ்சு, நகக்கண் அகல நண்டு, கண் மட்டும் பெரிதாகத் தெரிகிற கணவாய்க் குஞ்சு என்று எல்லாம் கலந்து கிடக்கும். விட்டிருந்தால் இவையெல்லாம் வளர்ந்த மீன். இழுவை மடி என்கிற வலை ஆழமில்லாத ஒரு விரிகுடாவின் தரையை எப்படித் துடைத்து எடுக்கிறது என்பதை அந்தக் குவியலே சொல்லிவிடும். எனக்கு இந்தச் சந்தையில் மனம் பொறுக்காத இடம் அதுதான்.

ஏலம் நடப்பது மீனுக்கு. சீலா (சென்னையில் வஞ்சிரம் என்பது), பாறை, விளைமீன் போன்ற பெரிய மீனைத் தனித்தனியாகவும், கிழங்கான், ஓரா, முரல், மடவை போன்றவற்றைக் கூடையாகவும் தரையில் கொட்டுவார்கள். ஏலம் கூறுகிறவர் ஒரு தொகையில் தொடங்கி மளமளவென்று ஏற்றிக்கொண்டே போவார். சுற்றி நிற்கிறவர்கள் வாய் திறப்பதே இல்லை. ஒரு தலையசைப்பு, புருவத்தில் ஒரு தூக்கல், காலால் கூடையை லேசாகத் தட்டுவது, இவ்வளவுதான். மூன்று தரம் சொல்லி முடிந்த நொடியில் கூடை இடம் மாறிவிடும். புதிதாக வந்தவருக்கு யார் வாங்கினார் என்றே தெரியாது.

அங்கே போய் நின்று “இந்த மீன் கிலோ எவ்வளவு?” என்று கேட்டால் ஏன் பதில் வருவதில்லை என்பது இப்போது புரியும். ஏலத்தில் கிலோ கணக்கே கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. அந்த மீன் கரைக்கு வருமுன்பே பாதி விலைபோய்விட்டது.

படகு கட்ட, இயந்திரம் மாற்ற, வலை வாங்க மீனவருக்கு முன்பணம் கொடுக்கிறவர் வியாபாரி. வங்கி கேட்கிற ஈட்டுப் பத்திரம் எதுவும் இவர் கேட்பதில்லை. நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டினாலும் பணம் கிடைக்கும். அதற்குப் பதிலாக, அந்தப் படகின் மீன் முழுக்க அவர் வழியாகத்தான் விற்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்குக் கழிவு, அதாவது கமிஷன், உண்டு. கழிவு எத்தனை வருடம் போனாலும் அசலில் கழியாது. முன்பணத்தை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தால்தான் படகுக்கு விடுதலை. இதைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. படகு பிடிபட்டாலோ புயலில் உடைந்தாலோ முதலில் வந்து நிற்கிறவரும் அதே வியாபாரிதான். ஆனால் விலையை வைக்கிற உரிமை மீனவர் கையில் இல்லாமல் போனதற்கு வேர் இங்கே இருக்கிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு, கழிவு எல்லாம் போக மிஞ்சியதுதான் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிகிறது.

கூடைக்காரப் பெண்கள்

வெளியூர்க்காரர் ஒருவர் உண்மையாகவே வாங்க முடிகிற இடம் ஏலம் முடிந்த பிறகு தொடங்குகிறது. பெரிய வியாபாரிகளுக்கு வேண்டாத சின்னக் கூடைகளைப் பெண்கள் எடுக்கிறார்கள். ஒருத்தியால் முழுக் கூடை எடுக்க முடியாவிட்டால் இரண்டு மூன்று பேர் பணம் சேர்த்து எடுத்து, அங்கேயே மணலில் பிரித்துக்கொள்வார்கள். அந்தப் பணமும் பல நேரம் சொந்தப் பணமாக இருப்பதில்லை. காலையில் வாங்கி மாலையில் வட்டியோடு கட்டுகிற தண்டல் பணம், இல்லையென்றால் சுயஉதவிக் குழுக் கடன்.

பிரித்த மீனைக் கூறு கட்டுகிற நேர்த்தியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சாக்கு விரித்து, தண்ணீர் தெளித்து, அடியில் சின்னதாக நாலைந்து, மேலே பார்வையான இரண்டு, ஓரத்தில் ஒரு கணவாயோ நண்டோ. தராசு கிடையாது. கண்ணளவுதான் எடை. ஆனால் அடுத்தடுத்து வைத்த கூறுகளைத் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் கைக்கே தெரியாது. “அக்கா, கூறு எவ்வளவு?” என்று கேட்டால் விலை வரும்; “ஆத்தா, மேல ரெண்டு போடுங்க” என்றால் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு விழும். இது இங்குள்ள வழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பாதி விலைக்குக் கேட்பதுதான் தப்பு. அவர் ஏலத்தில் கொடுத்தது, அதற்குக் கட்டவேண்டிய வட்டி, ஐஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கூறின் விலை. பதினொரு மணிக்கு மேல் அவரே குறைத்துச் சொல்வார். வெயில் ஏறி ஐஸ் கரைந்துவிட்டால் அந்த மீன் கருவாட்டுக்குத்தான் ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், அதற்குத் தடையில்லை. சிவந்திருக்க வேண்டும், கண் குழிந்திருக்கக் கூடாது. மீனை ஆய்ந்து தரச் சொன்னால் பக்கத்தில் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருக்கிற இன்னொரு பெண்ணைக் காட்டுவார்கள், அவருக்குத் தனிக்கூலி.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏலத்தின் நடுவே கேமராவை நீட்டினால் விலை போகிற இடம் தடுமாறும், கோபம் வரும். கூறு வைத்திருக்கிற பெண்ணிடம் “எடுக்கட்டுமா அக்கா?” என்று கேட்டால் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். மீதிப் பேர் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்வார்கள். மறைத்தால் விட்டுவிட வேண்டும். கடன் கொடுத்தவர், கணவர் வீட்டார், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று அந்தப் படம் யார் கண்ணில் படுமோ என்ற கவலை அவர்களுக்கு இருக்கும்.

கருவாடும் மிளகாயும்

காரல், நெத்திலி போன்ற சின்ன மீனை உப்பில்லாமல் அப்படியே காயப் போடுகிறார்கள். சீலா, பாறை, திருக்கை, சுறா என்றால் வகிர்ந்து, குடல் எடுத்து, தொட்டியில் உப்பு போட்டு ஊறவைத்து, அப்புறம் வெயிலுக்கு. மணலில் நேராகக் காய்ந்ததா, வலை விரித்து மேடையில் காய்ந்ததா என்பது பல்லில் தெரிந்துவிடும். உப்புக்கும் பஞ்சமில்லை, வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளமே இருக்கிறது.

இந்தக் கருவாட்டுக்கு ஒரு காலத்தில் பெரிய சந்தை கடலுக்கு அப்பால் இருந்தது. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியபோது, இலங்கைப் பயணமும் சரக்கும் பெருமளவு இந்த வழியாகத்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் ரயில் பாதையையும் கொண்டுபோனதோடு அந்த ஊரின் வணிகமும் போயிற்று. கடல்வழி வணிகம் இந்தக் கரைக்குப் புதிதாக வந்ததும் அல்ல. வைகை கடலில் சேரும் இடத்தருகே அழகன்குளத்தில் 1986 முதல் பல கட்டமாக நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும் மட்பாண்டங்களும் கிடைத்தன. பெரியபட்டினத்து மண்ணில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. கீழக்கரை மரைக்காயர்களின் கப்பல் வணிகமும் அந்தத் தொடர்ச்சிதான். அங்கே இன்றும் பழைய வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து ஒரு காக்காவிடம் (அண்ணனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) பேச்சுக் கொடுத்தால் கொழும்புக் கதை வரும்.

இப்போது கருவாடு போவது உள்நாட்டுக்கு. ராமநாதபுரம், பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி என்று ஊருக்கொரு கிழமையில் வாரச்சந்தை கூடுகிறது. கடற்கரைக்காரரும் கரிசல்காட்டுக்காரரும் சந்திக்கிற இடம் இது. கருவாட்டுச் சாக்குக்குப் பக்கத்திலேயே மிளகாய்ச் சாக்கு இருக்கும். ராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. உருண்டையாக, தோல் தடித்து, பளபளப்பாக இருக்கும். பெரும்பாலும் மானாவாரி; ஐப்பசி மழையை நம்பி நட்டு, தை மாசியிலிருந்து பறிக்கிறார்கள். பழம் சிவந்து காய்கிற மாதங்களில் களத்துமேடு மட்டுமல்ல, ரோட்டோரமும் சிவந்து கிடக்கும். மிளகாய்க் கமிஷன் கடைகளிலும் முன்பணக் கதைதான். விதைப்புக்குக் கடன் கொடுத்த கடைக்கே விளைச்சலைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கடலிலும் காட்டிலும் கடன் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

சாயல்குடிப் பக்கம் போனால் பனைதான். மாசியில் தொடங்கி நாலைந்து மாதம் பதநீர் இறக்குகிறார்கள். அதைக் காய்ச்சிக் கருப்பட்டி. சீனி கலந்த கருப்பட்டி எங்கும் புழங்குவதால், காய்ச்சுகிற வீட்டிலேயே வாங்குவதுதான் நல்லது. பனைமரம் ஏறுகிறவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த உழைப்புக்கு ஏற்ற விலை கொடுக்க நமக்கு மனமில்லை என்பது எனக்கு வருத்தம். ஓலைப்பெட்டி முடைகிற பெண்களுக்கும் இதே நிலைதான்.

கடை இல்லாத சரக்கு

இந்தக் கரையின் இன்னொரு முக்கியமான சரக்கை எந்தச் சந்தையிலும் பார்க்க முடியாது. கடற்பாசி. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பாறையும் பவளமும் கிழித்த தழும்பு இல்லாத கை அங்கே அரிது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று வகை பிரித்துக் கரையில் காயவைத்து இடைத்தரகரிடம் எடை போடுகிறார்கள். அது அகர்-அகர் போன்ற கெட்டியாக்கும் பொருள்களை எடுக்கிற ஆலைகளுக்குப் போய், ஐஸ்கிரீமிலும் ஜெல்லியிலும் மருந்திலும் கலந்து, யாருக்கும் அடையாளம் தெரியாமல் நம் வீட்டுக்கு வருகிறது.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவானதிலிருந்து, அவர்களின் தாய்மார் போய்வந்த தீவுகளுக்கு இவர்கள் போவது குற்றமாகிவிட்டது. மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் கடலில் இறங்காமல் பாசியை வளர விடுவது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். இன்னொரு பக்கம், 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டுப் பாசி ஒன்றை மிதவைகளில் கட்டி வளர்ப்பது பரவியது. பெப்சி கம்பெனி அதை எடுத்துக்கொண்டதால் ஊரில் அதற்குப் பெப்சிப் பாசி என்றே பெயர். அது பல குடும்பங்களுக்கு வருமானம் கொடுத்தது. குருசடைத் தீவுப் பவளப்பாறைகள் மேல் அதே பாசி படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். பாசிக்காரப் பெண்களைக் காவல் காத்துத் தடுத்த கடலுக்குள் இந்தப் பாசி அனுமதியோடு வந்தது என்பதை நினைத்தால் ஆறுவதில்லை.

வாங்கக் கூடாதவை

துறையிலோ கடைத்தெருவிலோ யாராவது தாழ்ந்த குரலில் காட்டுகிற பொருள் எதையும் தொடவேண்டாம். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம், சில பெரிய சங்கு, சிப்பி வகைகள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. பிடித்தவர், விற்றவர் மட்டும் அல்ல, வாங்கியவரும் குற்றவாளி. கடல் அட்டைக்கு வெளிநாட்டில் கிடைக்கிற விலையால் இங்கே கடத்தல் ஓயவில்லை. பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவர் பெரும்பாலும் கூலிக்கு மூழ்கியவர். பணம் போட்டவர் வெளியே இருப்பார்.

பூசைக்கு வைக்கிற சாதாரணச் சங்கு வேறு. கீழக்கரை, ராமேஸ்வரம் பகுதிகளில் சங்கு குளிப்பது பழைய தொழில். சேதுபதி மன்னர்கள் காலத்தில் அது அரண்மனைக்கு வருமானம் தந்த உரிமை. இங்கே எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் அங்குள்ள பெண்களின் வளையலாகிறது. வலம்புரி என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விலை கேட்டால் மட்டும் நின்று யோசிக்க வேண்டும். நம் கடல் சங்கில் வலம்புரி மிக மிக அரிது. அமெரிக்கக் கரையில், இயல்பாகவே அந்தத் திசையில் சுழன்று வளர்கிற வேறொரு இனம் இருக்கிறது. அதைத்தான் வலம்புரி என்று பலர் தலையில் கட்டுகிறார்கள்.

துறைகளில் இப்போது புது ஏலக்கூடங்களும் தளங்களும் கட்டுகிறார்கள். கட்டட வரைபடத்தில் லாரி நிற்க இடம் இருக்கிறது, ஐஸ் ஆலைக்கு இடம் இருக்கிறது. கூறு வைத்து விற்கிற பெண்களுக்கு நிழலும் குடிதண்ணீரும் கழிப்பறையும் பல துறைகளில் இன்னும் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு வந்து மதியம் வரை உட்கார்ந்திருக்கிற அவர்கள் தண்ணீரே குடிக்காமல் சமாளிக்கிறார்கள். இதை ஊராட்சியும் மீன்வளத் துறையும் செய்து கொடுக்க முடியும், அதற்குப் பெரிய செலவும் ஆகாது.